மேசையின் முதுகு

எங்கள் வீட்டில் மூன்று தடவை வெள்ளையடித்திருக்கிறோம். மூன்று தடவையும் கூலிக்கு ஆள் வேண்டாம் என்று நானே மட்டையை எடுத்தேன். எல்லாச் சுவரையும் அடித்தேன். மேசைக்குப் பின்னால் மட்டும் அடிக்கவில்லை. என் மனைவி உயிரோடு இருந்தபோது, "சுவத்துக்கு வெள்ளையடிச்சு மேசைக்கு நிழல் விட்ட ஆளை இங்கதான் பாக்கறேன்" என்பாள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

மேசையின் பின்புறம் ஒரு பலகை இருக்கிறது. ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் நான் அடித்தது. அதை என் தம்பி பார்த்தால் எனக்கென்று இருக்கிற ஒரே ஆளும் போய்விடுவான். மனைவி போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான் கணக்கு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் காவலாளி. கம்பெனியை மூடியபோது மேலாளர் அங்கிருந்த மரச் சாமான்களை, தூக்க முடிந்தால் தூக்கிக்கொண்டு போ என்று விட்டுவிட்டார். ஆறு நாற்காலி, ஒரு அலமாரி, ஒரு மேசை. எல்லாம் ஓக் மரம். கல் மாதிரி கனம். கூடவே அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார். அதை அப்பா கட்டிக்கொள்ளவே மாட்டார். மேசையின் வலது பக்க இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். பூட்டுக்கு இரண்டு சாவி.

ஒரு தடவை வெளியூர் வேலைக்குப் பத்து நாள் போனார். நான் மூத்தவன், பத்தொன்பது வயசு, சோப்புத் தொழிற்சாலைக் கிடங்கில் நாலு வருடமாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். தம்பிக்குப் பதினைந்து. நான் எதிரில் நிற்கும்போதே ஒரு சாவியை அவன் கையில் கொடுத்தார். "படிக்கிற பிள்ளை, பொறுப்பு இருக்கும்" என்றார்.

எனக்கு அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியிருந்தது. ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுக்கத்தான். கன்னத்தில் கையை வைத்து, மணிக்கட்டில் கடிகாரம் தெரிய. தம்பியிடம் போய்ச் சாவி கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவன் பள்ளிக்கூடம் போன நேரம் மேசையைத் தனி ஆளாக இழுத்தேன். அப்போது எனக்கு அந்த பலம் இருந்தது. பெட்டி பிரிக்கிற கொக்கியால் பின்பலகையை நெம்பினேன். இழுப்பறையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட இரண்டு விரல் குட்டை. மேலாகக் கையை விட்டுக் கடிகாரத்தை எடுத்துவிட்டேன். பலகைதான் இரண்டாகப் பிளந்துபோனது.

போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ் நெரிசலில் வார் அறுந்து கடிகாரம் எங்கோ விழுந்துவிட்டது. கிடங்கிலிருந்து ஒரு பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து, அளவாக அறுத்து, நாலு ஆணி அடித்து, மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டேன்.

அப்பா வந்தார். இழுப்பறையைத் திறந்தார். பூட்டு பூட்டினபடி, சாவி தம்பியிடம். பெல்ட்டைக் கழற்றினார். தம்பி நான் எடுக்கல, நான் எடுக்கல என்று கத்தினான். நான் வாசலில் நின்றேன். மறுநாளே அவன் படிப்பை நிறுத்தி ஒரு பேக்கரியில் மாவு பிசையப் போட்டார். ஒரு வருடத்தில் அவன் பேக்கரி மாடியிலேயே தங்கிக்கொண்டான். அப்பா செத்தபோது வரவில்லை. எனக்கு மட்டும் வாரம் தவறாமல் ரொட்டி கொண்டுவருவான். வந்தால் மேசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

இப்போது வீட்டை விற்கிறோம். எனக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. கீழ்த்தளத்தில் ஒற்றை அறை பார்த்தாயிற்று. சாமான்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

"அலமாரி, நாற்காலி எல்லாம் நீயே எடுத்துக்கோ. மேசை மட்டும் எனக்கு" என்றேன்.

"நீ போற ரூம்ல கட்டில் போட்டாலே கதவு தொறக்காது. அதுல மேசையா?"

"கட்டில் வேணாம். கீழ படுத்துக்கறேன்."

"அண்ணா, நீ கையெழுத்துப் போடவே நாக்கைக் கடிச்சுக்கிட்டுப் போடற ஆளு. உனக்கு எதுக்கு மேசை?"

"கேட்டா குடு. இல்லன்னா விடு."

அங்கேதான் கோட்டை விட்டேன். ஏதாவது ஒரு நாற்காலியையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அவன் கவனித்திருக்க மாட்டான். இரண்டு நாள் கழித்து, பழைய மரச் சாமானுக்கு மதிப்புப் போடுகிற ஒரு அம்மாவுக்கு போன் செய்துவிட்டேன் என்றான். எனக்குச் சுரீரென்றது. மேசை பெரிய விலைக்குப் போகும், அண்ணன் அமுக்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டான் போல. விலை என்று வந்ததும் தம்பியும் ஊரில் நாலு பேர் மாதிரிதான் என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் வருவதாகச் சொன்ன நாள் காலையில் மேசையை நகர்த்திப் பார்த்தேன். தோளைக் கொடுத்து முட்டினேன். அது நின்ற இடத்தில் நின்றது. என் இடுப்புதான் நகர்ந்தது.

தம்பி அந்த வாரம் என்னோடுதான் இருந்தான். கண் ஆபரேஷன் ஆகி ஐந்து நாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். இன்னொரு கண்ணிலும் புகை மூட்டம். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். நான்தான் விடுவேன். என் கை நடுங்கும். "கண்ணு மேல இருக்கு, மூக்குல விடாத" என்று திட்டுவான். அன்றைக்குப் பத்து மணிக்கு விட்டேன். பத்தரைக்கு அவள் வந்தாள்.

நாற்பத்தைந்து வயசு இருக்கும். முழங்காலுக்கு உறை கட்டியிருந்தாள், தரைக்குக் கல் பதிக்கிறவர்கள் கட்டுவது போல. தோளில் ஒரு பை.

"மதிப்புப் போட வந்தியா, தளம் போட வந்தியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் முட்டி போடணுமுங்க ஐயா" என்றாள்.

தம்பி சிரித்தான். எனக்குப் பிடிக்கவில்லை. இவன் ஆள்தான் இவள் என்று முடிவு செய்துகொண்டேன்.

நாற்காலியிலிருந்து ஆரம்பித்தாள். உட்கார்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாள். அடிப்பக்கத்தை விரலால் தடவினாள், மோந்துகூடப் பார்த்தாள். மூன்றாவது நாற்காலியில் நிறுத்தினாள்.

"இதுக்குப் பின்னங்கால் ரெண்டும் வேற. யாரோ கைத்தொழில் தெரிஞ்சவர் மாத்தியிருக்காரு."

"இல்லவே இல்ல" என்றேன்.

"அண்ணா, நீ பல்பு மாட்டறேன்னு மேல ஏறி விழுந்தியே, அது" என்றான் தம்பி. "கால் உடைஞ்சது நாற்காலிக்கு. ஒரு மாசம் படுத்துக்கிட்டது நீ."

முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கே மறந்துவிட்டது. தச்சன் வேலை அப்படி. பகலில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இவள் கவிழ்த்த கையோடு சொல்லிவிட்டாள். எதுவும் தெரியாதவளாக இருப்பாள், ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போவாள் என்றுதான் இருந்தேன்.

அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தாள். தம்பி அருகில் நின்று குழந்தை மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆணியைச் சுத்திக் கறுப்பா இருக்கு பாருங்க. ஓக் மரத்துல துவர்ப்பு ஜாஸ்தி. இரும்பு பட்டா மரம் கறுத்துடும். வேற மரத்துல இவ்வளவு கறுக்காது. யார் எப்ப கை வெச்சாங்கன்னு ஆணியே சொல்லிடும்."

நான் அடித்த நாலு ஆணியும் எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்தம்மா டீ குடிக்கட்டும்" என்று அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"மேசைக்குப் பின்னால பாக்க வேணாம்."

"ஏங்கய்யா?"

"சுவர் ஈரம். நகர்த்தினா இடிஞ்சுடும்."

"சுவரா, மேசையா?"

"ரெண்டும்."

டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "முகத்தை மட்டும் பாத்து மதிப்புப் போட முடியாதுங்க. மரச் சாமான் எல்லாத்தையும் முதுகுலதான் ஒளிச்சு வெக்கும்."

"என் தம்பி உனக்கு எவ்வளவு தரேன்னான்? அதுக்கு மேல நான் தரேன். பின்னால பாத்தேன், நல்லா இருந்துச்சுன்னு எழுதிட்டுப் போ."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பாதி டீ இருந்தது. கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நான் பாக்கறதை எழுதுவேன், ஐயா. நானா வாயால எடுத்துச் சொல்ல மாட்டேன், உங்க வீட்டு விஷயம் எனக்கெதுக்கு. ஆனா அவரு கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

கூடத்துக்குத் திரும்பினோம். தம்பி மேசைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேசையைப் பார்த்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"முதல்ல இந்தப் பூட்டைப் பாருங்கம்மா" என்றான்.

சாவிக் கொத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் இழுப்பறையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியைப் பூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"பூட்டுல யாரும் கை வெக்கல. திருகாணி எல்லாம் ஆதியில போட்டது."

"கம்பி விட்டுத் தொறந்திருக்கலாமா? கள்ளச் சாவி?"

"அப்படின்னா உள்ள கீறல் இருக்கும். இல்ல. இதைத் தொறந்தது எல்லாம் இதோட சாவிதான்."

தம்பி பின்னால் சாய்ந்தான். மூச்சை விட்டான்.

"கேட்டியா அண்ணா?"

"என்ன?"

"ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட. நான் எடுக்கல. இன்னொண்ணு யார்கிட்ட இருந்துச்சு?"

நான் சாவிக் கொத்துக்குக் கையை நீட்டினேன்.

"அவர்கிட்ட" என்றான் தம்பி. "அவரேதான் எடுத்து வித்திருக்காரு. வித்துட்டு என் தலையில கட்டிட்டாரு. சாவுக்குப் போகாதது தப்போ தப்போன்னு நாப்பத்திரண்டு வருஷமா அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குத்தான் நிம்மதி."

"இதுக்காகவா இவங்களைக் கூப்பிட்ட?"

"பின்ன? ஆறு நாற்காலி வித்து நான் அரண்மனையா கட்டப் போறேன்? மேசையை நீ எடுத்துட்டுப் போயிடுவ. எனக்கும் கண்ணு போயிட்டே இருக்கு. அதுக்குள்ள தெரிஞ்சவங்க ஒருத்தரை வெச்சுப் பாத்துடலாம்னுதான்."

விலைக்கு அலைகிறான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் பூட்டுக்காக வந்திருக்கிறான்.

அப்பா முரடர். கை நீட்டினால் யோசிக்க மாட்டார். ஆனால் அடுத்தவன் ஊசியைத் தொட்டதில்லை. கப்பல் கம்பெனியில் அத்தனை வருடம் ஒரு பேனா முனை வீட்டுக்கு வந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. பழி செத்துப்போன ஆள்மேல் விழுந்துவிட்டது. அவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. தம்பிக்கும் நிம்மதி. எனக்கும் தொல்லை விட்டது.

"சரி, பூட்டைப் பாத்தாச்சு. போதும்மா, கிளம்பு" என்றேன்.

"இன்னும் பின்பக்கம் இருக்குங்களே."

"அதெல்லாம் நாலு ஆள் இல்லாம நகராது."

"முழுசா பாக்கட்டும் அண்ணா. அவங்க வேலை" என்றான் தம்பி.

அவள் பையிலிருந்து ஒரு சின்னக் கடப்பாரையும், கம்பளித் துண்டுகளும் எடுத்தாள். ஒரு காலை நெம்பினாள், துண்டைச் செருகினாள். அடுத்த கால். அடுத்தது. பிறகு ஒரு கையால் மேசையின் மூலையைப் பிடித்து இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வந்தது, தண்ணீரில் படகு வருகிற மாதிரி. ஐம்பத்து நான்கு வருடம் அந்தக் கனத்தை நம்பி நான் தூங்கியிருக்கிறேன். நாலு கம்பளித் துண்டு போதுமாக இருந்தது.

பின்னால் சுவரில் அந்தக் காலத்து நீலம் அப்படியே இருந்தது. மேசை அளவுக்கு ஒரு நீலக் கட்டம்.

"என்ன கலர் சுவரு?" என்றான் தம்பி.

"நீலம்" என்றாள் அவள்.

"நான் படிச்சப்ப இருந்தது" என்றான்.

அவள் சந்துக்குள் போய் முட்டி போட்டாள். டார்ச் வெளிச்சம் மட்டும் சுவரில் ஆடியது. பிறகு ஆடாமல் நின்றது. பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் எழுதினாள்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"எழுதிட்டிருக்கேங்க."

"என்ன இருக்கு?"

பேனாச் சத்தம் நின்றது. "ஒரு பலகை மாத்தியிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். பூட்டுப் போட்ட இழுப்பறைக்குப் பின்னால."

தம்பி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு அடி வைத்தான். குனியக் கூடாது என்பது ஞாபகம் வந்து நின்றான்.

"ஓக் மரமா?"

"இல்லைங்க. சாதாரணப் பெட்டிப் பலகை. ஆணியும் உள்ளூர்க் கடை ஆணி. மேல ஏதோ அச்சடிச்சிருக்கு."

"என்ன அச்சு?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. சமையலறையில் சொன்ன சொல்லில் பாதியை எனக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அவளால் முடியும் என்று தெரிந்தது.

"அண்ணா, நீயாவது பாரேன். எழுத்துக் கூட்டிப் படிப்பியே."

நான் போய் மேசைக்குப் பின்னால் நின்றேன். படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அச்சை நான் வருடக்கணக்காக முதுகில் சுமந்திருக்கிறேன். ஏதோ நம்பர் என்று சொல்லலாம். மீன் பெட்டி என்று சொல்லலாம். நான் சொன்னால் அவன் அவளிடம் மறுபடி கேட்க மாட்டான். அவன் வாழ்க்கையில் நம்பியது என் வார்த்தை ஒன்றைத்தான். கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். சற்று முன்னால் நிம்மதி என்று சொன்னானே, அதுவும் நான் அடித்துக் கொடுத்த போலிப் பலகைதான்.

"நங்கூரம்" என்றேன்.

"என்ன?"

"நங்கூரம் படம் இருக்கு. கீழ சோப்புன்னு போட்டிருக்கு."

அந்த வீட்டில் பல வருடம் நாங்கள் எல்லோரும் தேய்த்துக் குளித்த சோப்பு. நான் கிடங்கிலிருந்து உடைந்த கட்டிகளைக் கொண்டுவருவேன். ஒவ்வொரு கட்டியிலும் நங்கூரம் இருக்கும்.

தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றக் கூடாது. நான் சொல்லவில்லை. சிவந்துபோன அந்த ஒரு கண்ணால் என்னை எவ்வளவு பார்க்க முடிந்ததோ தெரியவில்லை.

"வாட்ச் எங்க?" என்றான்.

"பஸ்ல விழுந்துடுச்சு."

"எதுக்கு எடுத்த?"

"போட்டோ எடுக்க."

"போட்டோ எங்க?"

"வாங்கவே போகல."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டான். குரல் உயரவில்லை.

"எங்கிட்ட சாவி கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"அதான் கேக்கல" என்றேன்.

அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, உங்க தாள்ல யாரு மாத்தினது, எப்ப மாத்தினதுன்னு எழுத இடம் இருக்கா?"

"இருக்குங்க. தெரிஞ்சா எழுதுவோம்."

"அவரையே எழுதச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவான். அவர் என்றது அன்றைக்குத்தான்.

அவள் தாளை மேசைமேல் வைத்து, இடத்தை விரலால் காட்டினாள். நான் எழுதினேன். பலகை மாற்றியது மூத்த மகன் என்று எழுதி, கீழே வருடத்தைப் போட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் மேசைக்கு என்ன மதிப்பு என்று சொன்னாள். பின்பலகை மாறினதால் எவ்வளவு குறையும் என்றும் சொன்னாள். இருவர் காதிலும் ஏறவில்லை.

"எனக்கு இதுல எதுவும் வேணாம். அலமாரியும் வேணாம்" என்றான் தம்பி. "அந்தப் பலகையை மட்டும் பிடுங்கிக் குடுங்க."

நாலு ஆணியும் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன. பலகை தம்பியின் கைக்குப் போனது. அவன் அச்சின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டான். படிப்பு இருந்த காலத்தில் சிலேட்டை அப்படித்தான் இடுக்கிக்கொண்டு போவான்.

மணி ஒன்றாகிவிட்டது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் இருந்ததால் இருக்கலாம். மருந்துக் குப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். நான் வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"அம்மா," என்றான் அவளிடம், "இதை ஒரு சொட்டு விட்டுட முடியுமா? எனக்கு நானே விட்டுக்க வராது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தான். அவள் கை நடுங்கவில்லை. சொட்டு சரியாகக் கண்ணில் விழுந்தது.

போகிற வழியில் இறக்கிவிடுகிறேன் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். படியில் ஒவ்வொன்றாக அவன் இறங்குகிற சத்தமும், பலகை கைப்பிடிச் சுவரில் இடிக்கிற சத்தமும் கீழ் வரைக்கும் கேட்டது.

நான் கூடத்துக்குத் திரும்பினேன். மேசை நடு வீட்டில் நின்றது. இழுப்பறை இருந்த பொந்து வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத்து நீலச் சுவர் தெரிந்தது. நாற்காலியில், மேசையில், ஜன்னல் விளிம்பில் தேடினேன். கண்ணாடிக் கூடு, துண்டு, மருந்துக் குப்பி, எதையாவது விட்டுவிட்டுப் போயிருப்பானோ என்று பார்த்தேன்.

எதையும் மறக்கவில்லை.